நடுப்பாகம் மட்டும் நைந்த சொனாட்டா

1

ஒளிப்பானேன், இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் கிறிஸ்தவ சபையில் பியானோ வாசிக்கிற இசபெல் சொன்னது. சொல்லும்போதே ஒரு கட்டளையும் போட்டாள்.

"எழுதணும்னா எழுதுங்க அண்ணே. எங்க அப்பாவ மட்டும் கொன்னுரப்பிடாது, கேட்டியளா?"

சரியென்று தலையாட்டினேன். இதுவரை மூன்று பிரதி எழுதியாயிற்று. மூன்றிலும் அவர் செத்துப்போனார். எனக்குப் பயமாக இருக்கிறது.

2

1953, ஆடிச் சாரலில் எங்கள் ஊர் இரணியல் நனைந்து—

(வேண்டாம். மழையைக் கொண்டுவந்தாலே யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். எங்கள் வேதக்கோயிலில் ஒரு பியானோ உண்டு. மிஷன் துரைசாணி, வெள்ளைக்கார அம்மா, சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. கூடவே ஒரே ஒரு சொனாட்டா புத்தகம்; சொனாட்டா என்றால் வார்த்தையில்லாத வாத்திய இசை. அதில் மூன்று பாகம்: முதலாவது வேகம், நடுவில் உள்ளது மெது, கடைசி மறுபடி வேகம். சீமையில் அதற்குப் பெரிய மதிப்பில்லையாம். பெரிய கச்சேரிக்காரர்கள் தொடமாட்டார்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு வாசித்துவிட்டு மறந்துபோகிற சரக்கு.

இங்கே சங்கதி வேறு. துரைசாணி தன் குழந்தையை அடக்கம் செய்த அன்று அந்த நடுப்பாகத்தை வாசித்தாள். அடுத்த சாவுக்கு, "எங்க வீட்டுக்கும் அந்தப் பாட்டு வேணும்" என்று வந்து நின்றார்கள். அதன்பிறகு முப்பது வருடமாக, அது இல்லாமல் ஒரு பெட்டியும் குழிக்குப் போனதில்லை. கடைசிச் சுரம் அடங்கியதும் கோயில்பிள்ளை மணியடிப்பார், பெட்டியைத் தூக்குவார்கள். புத்தகத்தில் நடுப்பாகத்தின் தாள்கள் மட்டும் விரல்பட்டு நைந்துவிட்டன.

[கோயில்பிள்ளை: கோயிலைத் திறந்து பூட்டி, மணியடிக்கிறவர். இசபெலின் அப்பா ஏசுஅடிமைதான் அவர். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.]

3

ஏசுஅடிமை நெஞ்சில் நீர் கட்டிப் படுத்துவிட்டார். கோயிலை ஒட்டித்தான் வீடு. அதே மாதம் திருவனந்தபுரத்தில் இசபெலுக்குப் பியானோப் பரீட்சை. தேறினால் பெண்கள் பள்ளியில் வேலை. வாசிக்க அவளிடம் இருந்தது அந்த ஒரே சொனாட்டா. மூன்று பாகமும் வாசித்தாக வேண்டும்.

முதல் நாள் நடுப்பாகத்தைப் பழகி முடிப்பதற்குள், சவப்பெட்டி செய்கிற ஆபேல் பாட்டைக் கேட்டு அளவுநூலோடு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் இரண்டு பெண்கள் அழுதுகொண்டே ஓடிவந்தார்கள். உள்ளே ஏசுஅடிமை கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே ஆபேலு, வந்தது வந்துட்ட. கட்டில் காலு ஆடுது, ஒரு ஆணி அடிச்சிட்டுப் போ."

எல்லாரும் சிரித்தார்கள். இசபெல் சிரிக்கவில்லை. வாசித்தால் அப்பா போய்விடுவார் என்று அவளுக்குள் ஒரு பயம் விழுந்துவிட்டது. அடுக்களைப் பலகையில் சத்தமில்லாமல் விரலை ஓட்டிப் பழகினாள். பரீட்சைக்கு ஆறு நாள்தான் இருந்தது.

4

அப்பாவே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏட்டி மக்கா, ஏன் வாசிக்கல்ல?"

"ஒங்களுக்குக் கேக்குமேன்னுதான் அப்பா."

"கேக்கட்டுமே. செத்த பெறவு எனக்குக் கேக்கவா போவுது?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசம் மணியடிச்சாச்சு. அந்தப் பாட்டுக்குப் பெறவு என்ன வரும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. எல்லாத்தையும் வாசி. எடையில நிறுத்தப்பிடாது."

இசபெல் கோயிலின் சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் பாகம் முடிந்தது. நடுப்பாகம் தொடங்கியது. என் பிரதிகள் சறுக்குகிற இடம் இதுதான்.

பிரதி ஒன்று: கடைசிச் சுரத்தோடு அவர் மூச்சும்—

பிரதி இரண்டு: அவரே எழுந்து தள்ளாடி வந்து மணிக்கயிற்றைப் பிடித்தபடி—

பிரதி மூன்று: அவள் பரீட்சை மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருக்கையில் ஊரிலிருந்து ஒரு தந்தி—

அட, சீ! நானும் அந்தச் சபையில் வளர்ந்தவன்தானே. அந்தப் பாட்டு முடிந்தால் மணி, மணியடித்தால் பெட்டி. ஆபேல் நூலோடு ஓடிவந்ததைப்போல நான் பேனாவோடு ஓடிவருகிறேன். இசபெல் என்னை மன்னிக்கவேண்டும்.

5

ஆகவே இவ்வளவோடு நிற்கிறேன். நடுப்பாகத்தின் கடைசிச் சுரம் அடங்கிக்கொண்டிருக்கிறது. மணிக்கயிறு சும்மா தொங்குகிறது. அதை இழுக்கிறவர் படுக்கையில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். வாசலில் ஆபேலும் அந்தப் பெண்களும் வந்து நிற்கிறார்கள், பழக்கம். இசபெலின் இரண்டு கையும் பியானோவில் அழுந்தியிருக்கின்றன, எடுத்தால் சுரம் முடிந்துவிடும் என்று எடுக்க வரவில்லை. சன்னல் வழியே குரல் கேட்கிறது:

"நிக்காத மக்கா!"

கடைசிப் பாகத்துக்குத் தாளைத் திருப்ப ஒரு கை வேண்டும். என் கை வேண்டாம், அது மூன்று தடவை கொன்ற கை. நீங்கள் திருப்புங்கள். சீக்கிரம், அவர் கேட்கக் காத்திருக்கிறார்.