மான்தான் வண்டியிடம் வர வேண்டும்

“பல்லுவலிதான்னு சொன்னா நம்ப மாட்டியா?”

“எந்தப் பல்லு?”

“கீழ் வரிசை. கடைசி.”

“அதைப் போன வருஷமே பிடுங்கியாச்சே, ஆர்லின்.”

“அப்ப பக்கத்துப் பல்லு. நீ என்ன பல்லு டாக்டரா?”

என் அண்ணன் கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டு மறுபடி இழுத்தான். செத்த மான் பனியில் ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. அவனும் நின்றான். நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன். முழங்கையால் தட்டிவிட்டான்.

விஸ்கான்சினில் எங்கள் பக்கம் மானைச் சுட்டவர்தான் அதை வண்டி வரை இழுக்க வேண்டும். கூட வருபவர் துப்பாக்கியைத் தூக்கலாம், கேலி பேசலாம், கயிற்றைத் தொடக் கூடாது. தொட்டால் பாதிக் கொம்பு தொட்டவருக்கு என்று அடுத்த வேட்டை சீசன் வரை பாரில் சொல்லிக் காட்டுவார்கள். வெறுங்கையோடு திரும்பித் திரும்பி அலுத்துப்போன ஆர்லினுக்கு இன்று காலையில்தான் ஒரு பெரிய கொம்பு மான் வாய்த்தது.

அவன் தொப்பியைக் கழற்றினான். நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு மூக்குக்குள்ளேயே மூச்சு உறைந்துகொண்டிருந்தது.

“இந்தக் குளிர்ல ஏன் இப்படி ஊத்துது உனக்கு?”

“முயலையா இழுக்கறேன்?”

“மூஞ்சி சாம்பலா இருக்கு.”

“பொறந்ததுலேர்ந்தே அந்த அழகுதான்.”

சிரிக்க முயன்றான். புகையிலையைத் துப்பிவிட்டு இடது கையைப் பிசைந்தான்.

“கைக்கு என்ன?”

“கயிறு அறுக்குது.”

“கயிறு வலது தோள்ல கிடக்கு.”

எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அவனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்றுதான் என் கணவர் லைலும் நினைத்திருந்தார். அவருக்கு வலித்தது தாடையும் முதுகும். அஜீரணம் என்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸ் எனக்குப் படம் வரைந்து காட்டினாள். ரத்தக்குழாயின் சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்பு படியுமாம், வலிக்கவே வலிக்காதாம். ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, வழி அடைபடும். குளிரில் குழாய் சுருங்கும். பாரம் இழுத்தால் இதயம் இன்னும் ரத்தம் கேட்கும். எனக்கு உடனே எங்கள் மேப்பிள் தோப்பு நினைவுக்கு வந்தது. பாகு காய்ச்சச் சாறு எடுக்க மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் குழாயில் ஓரிடத்தில் பனி அடைத்தால், அதற்குப் பிறகு சொட்டு வராது. குழாயை வெயில் வந்து இளக்கும் வரை நாங்கள் காத்திருப்போம். இதயத்தின் தசை அப்படிக் காத்திருக்காது, நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே போகும் என்றாள் அவள்.

எங்கள் அப்பாவும் மானை இழுத்த கயிறோடுதான் விழுந்தார். குளிர் கொன்றது என்றார்கள் எல்லோரும். ஆர்லின் இன்றைக்கும் அதையே சொல்கிறான்.

ரத்தம் உறையாமலிருக்க லைலுக்குக் கொடுத்த ஆஸ்பிரின் என் ஜாக்கெட்டில் எப்போதும் இருக்கும்.

“இந்தா. மென்னு முழுங்கு.”

“எதுக்கு?”

“பல்லுவலிக்குக் கேக்கும்.”

அதற்கு மட்டும் சரியென்று மென்றான். முகம் சுளித்தான். மானின் விலாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

மரங்களுக்குக் கீழே எங்கள் வண்டி தெரிந்தது. அங்கே போனால்தான் போனில் சிக்னல். ஓடிப் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆனால் நான் முதுகைத் திருப்பினால் எழுந்து இழுப்பான், எனக்குத் தெரியும். வண்டி இங்கே வரட்டும் என்று அவனே ஒப்புக்கொண்டால்தான் கயிற்றை விடுவான்.

“சாவியைக் குடு. வண்டியை இங்க கொண்டாரேன்.”

“மான்கிட்ட வண்டி வரக் கூடாது, வெர்னா. மான்தான் வண்டிகிட்ட வரணும்.”

“அப்பாவும் இதையேதான் சொன்னாரு.”

“அவர் குளிர்ல போனாரு.”

“அவருக்கும் வேர்த்துச்சு, ஆர்லின். தொப்பியைக் கழட்டினது நான்தான். உள்ளே நனைஞ்சிருந்துச்சு.”

அவன் தன் தொப்பியைப் பார்த்தான். உள்ளே விரலை விட்டான். அந்த ஈரத்திலேயே அவன் கண் நின்றது. கயிறு மட்டும் இன்னும் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

நான் பனியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினேன்.

“கயிறை அவிழ்த்துட்டு சாவியைக் குடு, ஆர்லின். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”