போசியில் வந்த சுருள்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. பொம்மிடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஜெயராணி, தன் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு என்னையும் கூப்பிட்டதால் வந்த வினை.

2

முதலில் எழுதியது: ‘சுருள் பாஸ்தா என்பது கோதுமை மாவைத் திருகிச் செய்த…’ (அடித்துவிட்டேன். இதற்கா வந்தீர்கள்?)

அடுத்து: ‘குடும்பப் பகை என்பது…’ (ஐயோ, வேண்டாம்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். ஜெயராணியின் நாத்தனார் லூர்து மேரி. தன் தம்பி ஞானராஜுக்கும் ஜெயராணிக்கும் நடந்த கல்யாணத்தில் தன்னைப் போட்டோவுக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர், அதன்பின் இந்த வாசற்படி மிதிக்கவில்லை. கோபம் கோபம்தான், ஆனால் கல்யாண விருந்துக் கறிக்குழம்பை ஜெயராணிக்குச் சீராக வந்த தூக்குப்போசியில் வாங்கிக்கொண்டுதான் போனார்.

இப்போது புதுநன்மை விருந்துக்கு அந்தத் தூக்குப்போசியோடு வந்திருந்தார். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே. மகன் ஆண்டோ ஓசூரிலிருந்து வாங்கி வந்த சுருள் பாஸ்தாவை உள்ளே கொட்டியிருந்தார்.

[இடையில் ஒன்று: அதை வேகவைத்து வடித்து, தக்காளியும் பூண்டும் வதக்கிப் புரட்ட வேண்டும். மசாலா ஒவ்வொரு புரியிலும் ஏறிக்கொள்ளும். லூர்து மேரிக்கு இது தெரியும்.]

ஜெயராணி மூடியைத் திறந்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சளில் சுருள் சுருளாக இருந்தது. வத்தல் என்று எண்ணெயில் போட்டாள். பொரியவில்லை. அடுப்பைக் கூட்டினாள்.

3

ரசம் சோற்றுக்குப் பக்கத்தில் அது வந்து விழுந்தது. லூர்து மேரி இலையைப் பார்த்தார். இங்கே, ‘இதுகூடத் தெரியாதா என்று அவர்…’ என எழுதி நிறுத்திவிட்டேன். ஒரு சொல் போதும், பழையபடி பகையாகிவிடும். ஞானராஜ் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

“வத்தல் நல்லா இருக்குதுங்களா அண்ணி?”

கடக் என்றொரு சத்தம் கேட்டது.

“மொறுமொறுன்னு இருக்குது ஜெயராணி.”

அவர் கண்ணில் தண்ணீர். பாசமா, பல்லா என்று எனக்குத் தெரியவில்லை. ஞானராஜும் கடித்தான். நானும் கடித்தேன். வேறென்ன செய்ய?

4

முடிவு ஒன்று: யாரோ உண்மையை உடைக்கிறார்கள். (எழுத மாட்டேன். நான் பக்கத்து வீட்டில் குடியிருக்க வேண்டும்.)

முடிவு இரண்டு: ஜெயராணி மிச்சத்தையெல்லாம் அதே போசியில் அள்ளிப் போட்டு நீட்டுகிறாள். “ஆண்டோவுக்குக் கொண்டு போங்க அண்ணி.”

வாங்கினால் திருப்பித் தர வர வேண்டும். அது லூர்து மேரிக்கும் தெரியும். போசியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மூடிய நல்லா அமுத்து. நமுத்துப் போயிரும்,” என்றார்.

போசி போய்விட்டது. இனி அது வந்தாக வேண்டும், வெறுமனே வராது. உள்ளே என்ன என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கடிக்க மெத்தென்று இருக்கட்டும்.