ரயிலில் போன ஃபாரின்

எங்கள் ஊரில் ஃபாரின் என்றால் விமானம். வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போய், ஒரு குடும்பமே அழுது வழியனுப்ப வேண்டும். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவனெல்லாம் மாப்பிள்ளைக் கணக்கிலேயே வரமாட்டான்.

நான் விரும்பிய ரேஷ்மியின் அப்பா ஜெபதாஸ் துபாயில் பதினெட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். நான் பெண் கேட்டபோது, குழித்துறைச் சந்தையில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "ஃபாரின் போயிட்டு வந்தவனுக்குத்தான் எனக்க மோளக் கெட்டிக் குடுப்பேன்."

எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் மனுஷன் சொன்னது என்ன? போய்விட்டு வந்தவன். எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று சொல்லவே இல்லையே. எனக்கு அது போதும்.

மூன்று நாள் ரயில் மாறி மாறிப் போய், பீகார் எல்லையில் ஜெயநகரில் இறங்கினேன். அங்கிருந்து நேபாளத்து ஜனக்பூருக்கு ஒரு ரயில் போகிறது. பாஸ்போர்ட் வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். ஒன்றரை மணி நேரத்தில் ஃபாரின் வந்துவிட்டது. ஒரு டீ குடித்தேன். நூடுல்ஸ் பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து, கயிறு சுற்றி, துபாய்க்காரர்கள் மாதிரியே மேலே 'பிரதீஷ், குழித்துறை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

ஊர் வந்ததும் பெட்டியோடு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏலே, எந்த ஏர்போட்டுல எறங்குன?"

"குழித்துறை ஸ்டேஷன்ல, மாமா."

"ரயிலு போற எடமெல்லாம் ஃபாரினாலே?"

"நேபாளம் ஃபாரின்தானே, மாமா?" என்று டிக்கெட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்க எத்தன நாளு இருந்த?"

"நாலு மணிக்கூறு."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரேஷ்மி கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

கதவருகே நின்ற அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, சின்னதுல நீங்க லீவுல வந்தப்போ, உங்கள ஆருன்னு தெரியாம, இந்த மாமா எப்பம் போவாருன்னு நான் அம்மைட்ட கேட்டேனாம். அம்ம இப்பவும் சொல்லுவா. எனக்குப் போன அன்னைக்கே திரும்புறவன் போதும்."

ஜெபதாஸ் மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. டிக்கெட்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

"இருலே மக்கா," என்றார் என்னிடம், "சாயா குடிச்சிட்டுப் போலாம்."