சிவப்பை நம்பியவள்

பாக்டீரியாவின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு எலக்ட்ரானைக் கைமாற்றிவிடும் ஒரு புரதம். அதன் உருவத்தைக் கண்டுபிடிக்க அவள் நாலு வருடமாகத் தலைகீழாக நின்றுவிட்டாள். எக்ஸ்ரே படமெடுக்க முதலில் அதைப் படிகமாக்க வேண்டும். சவ்வைவிட்டுப் பிரித்தால் அது கட்டிதட்டிப் போகும். சோப்பு மாதிரி ஒன்றில் நனைத்துத் தாஜா பண்ணினால் ஒரு வாரம் தாங்கும், பிறகு காலை வாரும். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கே 'படிகம்' என்று பேர் வைத்துவிட்டார்கள், ஒரு படிகமும் வராமலே.

போன வாரம் வந்தது. கடுகில் பாதி, நல்ல சிவப்பு. அவளுடைய புரதமும் சிவப்பு. வேறென்ன வேண்டும்?

பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி. படம் இருந்தால் இன்னும் ஒரு வருடம் வேலை. இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். பதினொன்றரைக்கு எக்ஸ்ரே கருவிக்கு முன்னால் நின்றாள். கருவியை ஓட்டுபவன் அவள் கணவனின் தம்பி.

"அண்ணி, இனிமே மூச்சு விடலாம். புள்ளி விழுந்துடுச்சு!"

திரையெல்லாம் புள்ளிகள்; நல்ல படிகம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு படத்தைப் பார்க்காமலே ரிட்டயராகிறவர்கள் உண்டு.

ஆனால் படிக அடுக்கின் நீள அகலங்களை, ஏற்கெனவே தெரிந்த புரதங்களின் பட்டியலோடு ஒத்துப்பார்த்த கொழுந்தனின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?"

"இது நம்மளோடது இல்ல அண்ணி. உங்க புரதத்தை வளர்க்கறதுக்கு வேற ஒரு பாக்டீரியா வச்சிருக்கீங்களே, அதோட சொந்தப் புரதம். அதுவும் சிவப்பு, அதுக்கும் எலக்ட்ரான் கடத்துற வேலைதான். இருபது வருஷம் முன்னாடியே படம் போட்டு முடிச்சிட்டாங்க."

படிகத்தைக் கரைத்துப் புரதத்தின் எடையைப் பார்த்திருந்தால் போன வாரமே தெரிந்திருக்கும். ஆனால் இருந்தது ஒன்றே ஒன்று, அதைக் கரைக்க யாருக்கு மனசு வரும்?

"படத்தை மட்டும் காட்டுங்க," என்றான் குரலைத் தாழ்த்தி. "நம்பரையெல்லாம் அங்க யாரு கேக்கப் போறாங்க? ஒரு வருஷத்துல நிஜத்தைப் பிடிச்சிடலாம்."

நல்ல யோசனை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கமிட்டி அறையில் யாரும் ஒரு நம்பரும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்ததும் ஒருவர் மேஜையைத் தட்டினார். தலைவர் ஃபைலை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்." தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "அது என் புரதம் இல்ல. வளர்க்கற பாக்டீரியாவோடது. அரை மணி முன்னாடிதான் தெரிஞ்சுது."

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. "அப்ப நான் எதை நம்பிம்மா கையெழுத்துப் போடறது?"

"அந்தப் புரதமே இல்லாத பாக்டீரியாவை உண்டாக்கி, மறுபடி ஆரம்பிப்பேன் சார்."

"எவ்வளவு நாளாகும்?"

ஆறு மாதம் என்று அடித்துவிட்டிருக்கலாம்.

"தெரியல சார்."

உண்மையைச் சொன்னதற்காகவாவது போட்டுவிடுவார் என்று அவள் உள்ளுக்குள் நம்பித்தான் இருந்தாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.