புகையறைக்குக் கடற்பாசி

விடியுமுன்னே புகையறைக்குள் போய்விட வேண்டும். நேற்றைய ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் திருப்பிப் போடாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தங்கம்மா முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கண் எரிந்தது, நெஞ்சு கனத்தது. ஏணியில் ஏறி மேல் வரிசையைத் தொடும்போது தலைக்குள் உரல் இடிப்பது போலிருந்தது. தூங்கினாலும் தீராத அலுப்பு அவளுக்கு.

வெளியே அடுப்பு வாயில் அவள் புருஷன் கன்னையா விறகுக் கட்டையோடு நின்றான். போடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

“என்னங்க, போடுங்க.”

“போட்டுட்டேனா புள்ள?”

ருவான்வெல்லைப் பக்கத்து இந்தத் தோட்டத்தில், கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்த அடுப்போடுதான் மாரடிக்கிறான். விறகு மிச்சம் பிடிக்க வேண்டுமென்று, தோட்டத்தை நடத்த வந்த புதிய துரை கூரையிலிருந்த புகைக் கதவுகளை ஆணியடித்து மூட வைத்தார். அன்றைக்குப் பிடித்தது சனியன். சூடு வெளியே போகவில்லை, புகையும் போகவில்லை. உள்ளே போகிறவர்களுக்குத் தலைவலி, வாந்தி. அடைபட்ட புகை அடுப்பு வாய் வழியே திரும்பி வர, நாளெல்லாம் அங்கேயே நின்ற கன்னையாவுக்கோ ஞாபகமே கழன்றுகொண்டு போனது. மகள் துஷ்யந்தி கொழும்பில் வேலைக்கு இருப்பதை மறந்து, பிள்ளையை எங்கே காணோம் என்று லயத்து வீட்டு வாசலில் நின்று தேடினான். தங்கம்மா அன்றைக்கு வாய்விட்டு அழுதாள்.

புகையறை ஆட்கள் துரையிடம் போய் முறையிட்டார்கள். துரை கத்தவில்லை, விரட்டவில்லை. அதுதான் கொடுமை. கடற்பாசியிலிருந்து எடுக்கிற சத்துகள் மூளையைக் காக்கும், மறதியைத் தடுக்கும் என்று கொழும்பில் ஏதோ கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தார். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில், புகையறை ஆட்களுக்கு மட்டும் பச்சைப் பொடியைச் சுடுதண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். மீன் கழுவிய தண்ணீர் மாதிரி நாற்றம். குடித்துவிட்டு அதே புகைக்குள் போனார்கள். தங்கம்மா புருஷனையும் கெஞ்சிக் குடிக்க வைத்தாள். நம்பினாள், பாவம். சாயங்காலமானால் மகள் எங்கே இருக்கிறாள் என்று அவனிடம் கேட்டுப் பார்ப்பாள். அவன் விழிப்பான்.

கடைசியில் தோட்டத்து மருந்தகத்துத் தாதி ஹபீஸா மிஸ்ஸியிடம் போனாள். ஹபீஸா சுற்றி வளைக்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்து எலிகளிடம் பலன் தெரிந்திருக்கிறதாம், நாளைக்கு மனிதருக்கு உதவினாலும் உதவும், பொய்யென்று தள்ள முடியாது என்றாள். தங்கள் வீட்டில் நோன்புக்குக் கடற்பாசி காய்ச்சாத வருசமில்லை, வாப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடாத நாளுமில்லை என்று சிரிக்கவும் செய்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

“அக்கா, பொடி நல்லதாவே இருக்கட்டும். விஷப் புகைக்குள்ள நின்னுக்கிட்டு அதக் குடிச்சு என்ன செய்ய? மொதல்ல அவர வெளிய எடுங்க.”

வெளியே எடுக்க வழியில்லை. அடுப்பு வேலை இல்லாவிட்டால் வேறு வேலை கிடையாது என்றார் துரை. அடுத்த வாரம் கன்னையா நிறைத்த அடுப்பையே மறுபடி நிறைத்தான். மேல்வரிசை ஷீட்டுகள் கொப்பளித்துக் கருகின. வேலைப் பதிவிலிருந்து அவன் பேரை வெட்டச் சொன்ன துரை, நாளையிலிருந்து ரப்பர் பால்வெட்டுக்காரன் கிருஷ்ணகுமார் அடுப்புக்குப் போகட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது கிருஷ்ணகுமாரின் பெண்சாதி தங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தது யாரென்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. அங்கேயே பேசி முடிவெடுத்தார்கள்.

மறுநாள் மலையிலிருந்து வாளி வாளியாய்ப் பால் இறங்கியது. ஒருவரும் தொட்டியில் ஊற்றவில்லை. ரப்பர் தயாரிக்கும் ஸ்டோர் வாசலில் வாளிகளை வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள்.

“பால் ஒறஞ்சிரும். ஊத்துங்க” என்றார் துரை.

“ஒறையட்டும் தொர. கூரைக் கதவத் தொறங்க, கன்னையா அண்ணனுக்கு வெளிவேல குடுங்க. ஊத்துறோம்” என்றான் கிருஷ்ணகுமார்.

“மருந்து குடுத்தேன்தானே? நானா ஒங்களுக்கு எதிரி?”

தங்கம்மா எழுந்தாள்.

“ஒரு நாளைக்கு நீங்களும் அதக் குடிச்சிட்டு எங்களோட உள்ள வாங்க தொர.”

துரையின் முகம் சிவந்துவிட்டது. சண்டை நடக்கிற நாட்டில் தமிழாட்கள் கும்பல் கூடினால் பொலிஸ் வேறு விதமாக எடுத்துக்கொள்ளும் என்று மிரட்டினார். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து பால் வெட்ட வரும் சோமாவதி, அந்தக் கும்பலில் தானும் இருப்பதாகச் சிங்களத்தில் சொன்னாள். துரை ஜீப்பில் ஏறிப் போனார். பொலிசுக்கா, கம்பனிக்கா, தெரியவில்லை.

வெயில் ஏறியது. வாளிகளில் பால் கட்டி தட்டத் தொடங்கியது. கன்னையா சுற்றிலும் பார்த்தான்.

“எதுக்கு புள்ள எல்லாரும் குந்தியிருக்காங்க?”

“ஒங்களுக்காகத்தாங்க. எல்லாரும் பொகையில இருந்து வெளிய வரணும்னு.”

“அப்ப நானும் குந்துறேன்.”

சற்று நேரத்தில் மறுபடி அதையே கேட்டான். தங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிருஷ்ணகுமார் சொன்னான். அடுத்த முறை சோமாவதி சொன்னாள், அவளுடைய சிங்களத்தில். அதற்கடுத்து ஷீட் உருட்டுகிறவன் சொன்னான். யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

வளைவில் ஜீப் திரும்பி வரும் சத்தம் கேட்டது. ஒருவரும் எழவில்லை. கன்னையா மறுபடி வாயைத் திறந்தான். அவன் கேட்டு முடிப்பதற்குள் வாசல் முழுதும் பதில் சொன்னது.