இத்ரீஸ் போகிறார், அல்லது போகவில்லை

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் கந்தசஷ்டி விரதத்தால் வந்தது. அந்த விரதத்தைப் பிடிக்காமல் விட்டிருந்தால், ஒரு முன்னாள் அமைச்சரின் பயணம் என் தலையில் வந்து விழுந்திருக்காது.

தொடக்கத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். ‘ஒஸ்லோவின் ட்வெய்ட்டா மாடிகளுக்கு மேல் பனிமூட்டம்...’ (சீ, வானிலை அறிக்கை.) ‘பல தலைநகரங்களில் தூதராகப் பணியாற்றிய இத்ரீஸ் அவர்கள்...’ (இது மரண அறிவித்தல். மனுசன் உயிரோடு இருக்கிறார்!)

2.

நேரே சொல்கிறேன். இத்ரீஸ் எங்களுக்குக் கீழ்மாடியில் மகள் லுப்னாவோடு இருக்கிறார். அரபு நாடொன்றின் தூதராக இருந்து, வெளியுறவு அமைச்சராகி, ஒரு காலையில் வானொலியைக் கேட்டுத்தான் தன் பதவி போனதை அறிந்தவர். [நாட்டின் பெயர் வேண்டாம் என்றாள் லுப்னா.] இப்போது அங்கே புதிய அரசு. ஆலோசகராக வரும்படி அழைத்திருக்கிறார்கள். அதே அழைப்பை நம்பிப் போன அவருடைய நண்பர் சிறையில் கிடக்கிறார். இருந்தும் இவர் பெட்டி அடுக்கிவிட்டார்.

வழியனுப்பப் போனேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் பனிமூட்டத்தில் கரைந்துபோய், வெளிச்சங்கள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. அவர் பழைய மாநாடுகளைப் பற்றி அரைத்தூக்கத்தில் போலப் பேசினார். நகரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்தன. நாங்கள் ஒஸ்லோவில்தான் இருக்கிறோமா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஏலக்காய் மணக்கும் கோப்பி ஊற்றித் தந்தார். மரியாதைக்கு வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தேன்.

தொடாத கோப்பையைக் கண்டதும் அவர் பேச்சு நின்றது. எழுந்தார்.

“கேளுங்கள்,” என்றார். (நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழியில். தமிழ் என்னுடையது.) “எங்கள் குலத்தில், வேண்டுகோளோடு வந்த விருந்தாளி அது கிடைக்கும்வரை கோப்பியைக் குடிக்கமாட்டார். நீங்கள் கேட்பது எதுவானாலும் தந்தேன்.”

வாசலில் நின்ற லுப்னா என்னையே பார்த்தாள். அப்பாவைப் போகாமல் இருக்கச் சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். ஒரு வார்த்தை போதும். கொடுத்த வாக்கை அவர் மீறமாட்டார்.

நான், மடைச்சி, சொன்னேன்: “ஐயோ, ஒன்றுமில்லை. எனக்கு விரதம்.”

அவர் முகம் வாடிப்போனது.

3.

என் கணவர் குலசேகரம் இதுவரை வாசித்துவிட்டுக் கத்தினார்.

“உனக்கென்ன விசரே, ராணி? ஆராவது மறிப்பினமோ எண்டுதானே அந்தாள் பாத்துக்கொண்டு நிண்டிருக்கு!”

“அவருக்குப் போக விருப்பமப்பா. பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருக்கிறார்.”

“அப்ப ஏன் முகம் வாடினது?”

[அந்த வாட்டத்தை நான் கண்டேனா, எழுதும்போது சேர்த்தேனா? சத்தியமாகத் தெரியவில்லை.] கண்டேன் என்றால், மறிக்க ஆள் தேடும் ஒரு கிழவரைச் சிறைக்கு அனுப்புகிறேன். சேர்த்தேன் என்றால், இனிப் போய் மறிப்பது, போக விரும்புகிறவரை அவர் தந்த வாக்காலேயே கட்டிப்போடுவது. பயமாக இருக்கிறது.

கதையின் ஒரு முடிவில் அவர் இங்கேயே இருக்கிறார், என்னோடு கதைப்பதில்லை. இன்னொன்றில் விமானம் ஏறுகிறார், லுப்னா என்னோடு கதைப்பதில்லை. இரண்டையும் எழுதினேன். இரண்டையும் என்னால் நம்ப முடியவில்லை, ஆகவே

4.

விமானம் நாளைக்கு. என் விரதம் முடிந்துவிட்டது. இனிக் குடிக்காமல் வைத்தால் அது வேண்டுகோள்தான், விரதம் என்று சொல்லித் தப்பச் சாட்டில்லை.

கீழே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு என் கையையே பார்க்கிறார். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பிறகு அதையும் நம்பமாட்டேன்.

நீங்கள் என்றால், குடிப்பீர்களா?