நான் அறிவித்த போர்

என் அண்ணனின் தாடையை இரும்புக் குழாயால் பெயர்த்தவனை எனக்குத் தெரியாது. அவனை அனுப்பியவர்களுக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தவனைத் தெரியும். நான்தான் அது.

ஆங்கிலப் பத்திரிகையில் தலைப்பு போடுவது என் பிழைப்பு. எங்கள் தலைப்புகளில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை, சாத்துவார்கள். பங்கு விலை இறங்காது, ரத்தம் ஆறாக ஓடும். ஆட்குறைப்பு என்றால் கோடரி விழும். ஒற்றைப் பத்தி அகலத்துக்குள் நீளமான சொல் நிற்காது. சின்னச் சொல்லெல்லாம் கத்தியோடுதான் வரும். பதினாறு வருடமாக இப்படி ஊரையே வெட்டிச் சாய்த்திருக்கிறேன், விரலில் ஒரு கீறல் இல்லாமல்.

ஞாயிறு மதியம் வந்த செய்தி நாலு வரிதான். நூற்பாலைத் தொழிலாளர்கள் மறுநாளிலிருந்து கூடுதல் நேரம் வேலை செய்ய மாட்டார்கள் என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். செயலாளர் என் அண்ணன். இருந்த இடத்துக்கு ‘ஆலைத் தொழிலாளர் போர் அறிவிப்பு’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அண்ணனும் பார்த்துச் சிரிப்பான் என்று நினைத்தேன், மடையன்.

திங்கள் காலை ஆலை வாசலில் நிர்வாகம் அனுப்பிய முப்பது அடியாட்கள் நின்றார்கள். தொழிலாளர்கள் கையில் சாப்பாட்டுப் பைதான் இருந்தது. ஐந்தே நிமிடம். ஒருவர் மண்டை பிளந்து அங்கேயே செத்தார். அண்ணன் குப்புற விழுந்த பிறகும் முதுகிலும் முகத்திலும் அடித்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் கையைப் போலீஸார் கட்டிலோடு விலங்கிட்டிருந்தார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. அண்ணி பத்திரிகையை நீட்டினார்.

“கலவரத்தைத் தூண்டிவிட்டது இவர்தானாம் தம்பி. நீங்களே போர்னு அறிவிச்சீங்களேன்னு இதைக் காட்டுறாங்க. இவர் அப்படிச் சொல்லவே இல்லை. உங்க ஆபீஸ்ல யார் இப்படி எழுதினாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க.”

செய்திக்குக் கீழே நிருபர் பெயர் இருக்கும். தலைப்பு போட்டவன் பெயர் எங்கேயும் வராது. ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் தலைமை உதவி ஆசிரியர் கதவைச் சாத்தினார்.

“நிருபர் தலையில விடியட்டும். நீ வாயத் திறந்தா நாளைக்கு இங்க வராத.”

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினேன். அப்புறம்தான் மூச்சு வந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

“நான்தான் எழுதினேன் அண்ணி.”

அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் அதிகம் வலித்தது.

ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தை எழுத இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

“சரி, அவங்க நிஜமா என்னதான் சொன்னாங்க?”

“அஞ்சு மணி ஆனா வீட்டுக்குப் போயிடுவோம்னாங்க சார்.”